கேஸ் உலைக்குப் புது லைனிங் போட்டால் விரிசல் விடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் வீட்டுப் பின்கட்டில் கத்தி அடிப்பவர். பத்து அங்குல இரும்புக் குழாயில் செய்த எல்பிஜி உலை. உள்ளே செராமிக் பிளாங்கெட் (சூடு தாங்கும், கம்பளி மாதிரியான இழை விரிப்பு), அதன் மேல் ஒரு பூச்சு. பூச்சு உரிந்து கொட்டுகிறது, இரும்பைச் சூட்டில் அடித்து ஒட்டும் வெல்டு வேலைக்குத் தூவும் வெங்காரம் (போராக்ஸ்) உலையின் தரையைத் தின்றுவிட்டது. நடுவில் ஒருமுறை, தண்ணீரில் குழைத்துப் பூசும் சூடு தாங்கும் கலவையான காஸ்டபிள் வாங்கிப் பூசினாராம். முதல் நாள் பற்றவைத்ததுமே படபடவென்று வெடித்துச் சில்லுச் சில்லாகத் தெறித்தது. இந்த முறை அப்படி ஆகாமல் இருக்க என்ன வழி என்கிறார்.

காஸ்டபிள் வெடிப்பதற்கு முக்கால்வாசிக் காரணம் தண்ணீர். கலக்கும்போது கூடுதலாக ஊற்றிய தண்ணீர், இறுகுவதற்கு முன்பே காய்ந்துபோன தண்ணீர், பற்றவைத்த பிறகு வெளியேற வழியில்லாமல் உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர். நெருப்பைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நெருப்புக்கு முந்தைய மூன்று நான்கு நாட்கள் ஒழுங்காகப் போனால் நெருப்பு தொல்லை தராது.

காஸ்டபிள் என்பது அலுமினா அதிகமுள்ள குருணையும் மாவும், அவற்றைப் பிடித்து நிறுத்த கால்சியம் அலுமினேட் சிமெண்டும் சேர்ந்த கலவை. களிமண் மாதிரி காய்ந்து இறுகுகிற பொருள் இல்லை இது. வீட்டுத் தளத்துக் கான்கிரீட் போலவே தண்ணீரை உறிஞ்சி, அதோடு வேதியியல் முறையில் கட்டுண்டு இறுகுவது. ஆகவே முதல் ஒரு நாள் அதைக் காய விடவே கூடாது. இறுகிய பிறகு உள்ளே இருக்கும் தண்ணீர் இரண்டு வகை. ஒன்று, துளைகளில் தேங்கிய வெறும் ஈரம். 100 டிகிரியை ஒட்டி ஆவியாகிவிடும். இன்னொன்று, சிமெண்டின் படிகங்களுக்குள் கட்டுண்ட தண்ணீர். அதில் பெரும்பகுதி 200 முதல் 350 டிகிரிக்குள் பிரிந்து வரும். மிச்சம் மீதி 550, 600 டிகிரி வரை வந்துகொண்டிருக்கும். தண்ணீர் நீராவியாகும்போது கொள்ளளவு சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. சீடை எண்ணெயில் வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள்: வெளித்தோல் முறுகி மூடிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் ஈரம் போக வழியில்லாமல் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. உங்கள் உலையிலும் நடந்தது அதேதான்.

முதலில் பொருள். ஊர்ப்பக்கம் சிலர் ஃபயர் கிளே, ஆற்று மணல், சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் மூன்றையும் கலந்து பூசச் சொல்வார்கள். சமையல் அடுப்புக்கு அது ஓரளவு தாங்கலாம், இரும்பு பழுக்கிற உலைக்கு ஆகாது. ஆற்று மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். 573 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறிச் சட்டென்று உப்பும், ஆறும்போது சட்டென்று சுருங்கும். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் இந்த உதறல் நடக்கும். போர்ட்லேண்ட் சிமெண்ட் இறுகும்போது அதில் சுண்ணாம்பு ஹைட்ராக்சைடு உண்டாகிறது. அது 400, 500 டிகிரியில் தண்ணீரை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். உலை ஆறிக் கிடக்கும் நாட்களில் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி உப்பிப் பூச்சைப் பொடியாக்கும். போர்ட்லேண்ட் சிமெண்ட் கலந்த சட்டியைக் கழுவாமல் அதில் காஸ்டபிளைக் குழைப்பதும் தப்பு. மிச்சம் ஒட்டியிருக்கும் சிமெண்டே அலுமினேட் சிமெண்டைக் கை வைப்பதற்குள் இறுக்கிவிடும். சோடியம் சிலிகேட் போட்ட ஃபயர் மார்ட்டர் செங்கல் இடுக்கில் மெல்லிசாகப் பூசத்தான். அதையே கனமாக உள்பூச்சாக அடித்தால் உயர் சூட்டில் இளகி வழியும்.

வாங்க வேண்டியது, 60 சதவீதத்துக்கு மேல் அலுமினா உள்ள, கையால் பூசத் தக்க அடர் காஸ்டபிள். வெங்காரம் போட்டு வெல்டு அடிப்பவர் என்றால் 90 சதவீத அலுமினா. சிமெண்ட் குறைந்த ‘லோ சிமெண்ட்’ ரகத்தை விற்பவர் உயர்த்திப் பேசுவார். உயர்ந்த பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் அது ஐந்தாறு சதவீதத் தண்ணீரில் வைப்ரேட்டர் வைத்து இறக்க வேண்டியது. நுண்துளை குறைவு, நீராவி வெளியேறுவது கடினம், காய வைப்பதில் இன்னும் நிதானம் வேண்டும். தொழிற்சாலைகளில் அந்த ரகத்தில் கொஞ்சம் பாலிபுரொப்பிலீன் இழை கலப்பதே அதற்காகத்தான். 160 டிகிரி சுமாருக்கு இழை உருகிப்போய் நீராவிக்கு மெல்லிய வழிகளை விட்டுச் செல்லும். வீட்டுப் பட்டறைக்குச் சாதாரண ரகமே நல்லது.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டிய மூட்டையில் சிமெண்ட் பாதி செத்திருக்கும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் மேல்பரப்பு பொடியாக உதிரும்.

பழையதை எடுக்கும் வேலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. எனக்கு அதுதான் பயம் தருகிற கட்டம். புது செராமிக் பிளாங்கெட்டின் இழையையே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ‘புற்றுநோய் உண்டாக்கக் கூடும்’ என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. சூட்டில் நீண்ட நாள் கிடந்த பிளாங்கெட்டில் கிறிஸ்டோபலைட் என்ற படிக சிலிக்கா உருவாகியிருக்கும். சுவாசத்தில் போகும் படிக சிலிக்கா அதே முகமையின் முதல் பிரிவில், அதாவது உறுதியான புற்றுநோய்க் காரணிகளில் இருக்கிறது. ஆகவே முதலில் ஸ்பிரேயரில் தண்ணீரும் இரண்டு சொட்டு பாத்திர சோப்புத் திரவமும் கலந்து பிளாங்கெட் சொதசொதவென்று ஆகும்வரை நனையுங்கள். அப்புறம் பெரிய துண்டுகளாகவே உருவி, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போடுங்கள். விளக்குமாறு, காற்றுக் குழாய் இரண்டும் கிட்டவே வரக் கூடாது. துணி மாஸ்க் எதற்கும் உதவாது. குறைந்தது என்95, முடிந்தால் முகத்தோடு இறுகப் பொருந்தும் பி100 ஃபில்டர் மாஸ்க். போட்டிருந்த சட்டையைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள்.

இரும்புக் கூடு காலியானதும் உள்ளே துருவைச் சுரண்டிவிட்டு, அடிப்பக்கத்தில் 3 மி.மீ. துளை நான்கைந்து போடுங்கள். பூச்சின் ஈரம் முன்பக்கம் மட்டும் போகாது. பாதி, பின்னால் உள்ள பிளாங்கெட்டில் இறங்கும். அது வெளியேற இந்தத் துளைகள் வழி.

அளவுக் கணக்கு பார்ப்போம். உள்விட்டம் 250 மி.மீ., நீளம் 300 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ. பிளாங்கெட் இரண்டு சுற்று போட்டபின் 150 மி.மீ. மிஞ்சும். அதன் மேல் 15 மி.மீ. காஸ்டபிள் என்றால் 120 மி.மீ. விட்ட அறை, சுமார் 3.4 லிட்டர் கொள்ளளவு. கத்தி வேலைக்குத் தாராளம். காஸ்டபிள் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். தட்டையான தரை, பர்னர் வாய் எல்லாம் சேர்த்து ஆறு கிலோ வாங்கினால் போதும். கூடுதல் பலம் வரும் என்று 40, 50 மி.மீ. கனத்துக்கு அடர் காஸ்டபிளை ஏற்றிவிடாதீர்கள். அடர் காஸ்டபிள் வெப்பத்தைக் கடத்தும். தடுத்து நிறுத்துவது பிளாங்கெட். பூச்சு கனமாக ஆக, உலை சூடேற நேரம் இழுக்கும், கேஸ் தீரும், காய வைக்க வேண்டிய தண்ணீரும் கூடும்.

பிளாங்கெட்டில் ஒரு கனமீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி உள்ளதைக் கேளுங்கள். 1260 டிகிரி ரகம் என்று எழுதியிருப்பது அதன் வகைப்பெயர், அந்தச் சூட்டில் நாள் முழுக்க எரிக்கலாம் என்று பொருள் இல்லை. பூச்சில்லாமல் வெல்டு சூட்டுக்கு விட்டால் அது சுருங்கி மொறுமொறுவென்று ஆகிவிடும். வெளிச்சுற்றை வட்டத்தின் சுற்றளவைவிட 10 மி.மீ. நீளமாக வெட்டி நெருக்கி இறக்குங்கள், தானாகவே கூட்டைப் பிடித்துக்கொள்ளும். உள்சுற்றின் இணைப்பு வெளிச்சுற்றின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது.

அடுத்த வேலையைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். பிளாங்கெட் மெத்தென்று அமுங்குகிற பொருள். அமுங்கும் தரையில் கல்போன்ற மெல்லிய ஓட்டைப் பூசினால், இடுக்கி இடித்தாலும் போதும், ஓடு உடையும். ஆகவே முதலில் பிளாங்கெட்டை விறைப்பாக்க வேண்டும். அதற்கு கொலாய்டல் சிலிக்கா என்ற பால் போன்ற திரவம் இருக்கிறது. மெழுகு அச்சு வார்ப்பு செய்யும் இன்வெஸ்ட்மெண்ட் காஸ்டிங் பட்டறைகள் அச்சு ஓடு கட்ட இதைத்தான் பயன்படுத்துகின்றன. அதனால் கோயம்புத்தூர் மாதிரி வார்ப்புத் தொழில் உள்ள ஊர்களில் கிடைப்பது சிரமம் இல்லை. சம அளவு தண்ணீர் கலந்து, எவ்வளவு ஆழம் இறங்கியது என்று தெரிய ஒரு சிட்டிகை கேசரி பவுடர் போட்டு ஸ்பிரே செய்யுங்கள். ஓரத்தில் பிளாங்கெட்டை மெல்லப் பிரித்துப் பார்த்தால் நிறம் எங்கே நிற்கிறது என்று தெரியும். அரை அங்குலம் இறங்கினால் போதும். காய்ந்ததும் பர்னரை வைத்து உட்பக்கம் சிவக்கும்வரை சுடுங்கள். நிறம் எரிந்து போய்விடும், பரப்பு முட்டை ஓடுபோல் விறைத்து நிற்கும். விரலால் தட்டினால் சத்தம் கேட்க வேண்டும், பள்ளம் விழக் கூடாது.

இனி காஸ்டபிள். மூட்டை பயணத்தில் குலுங்கிக் குலுங்கி, சிமெண்ட் மாவு அடியிலும் குருணை மேலேயும் பிரிந்திருக்கும். உங்களுக்கு ஆறு கிலோதான் வேண்டும் என்றாலும் மூட்டை முழுவதையும் தார்ப்பாயில் கொட்டி, உலர்வாகவே இரண்டு மூன்று முறை புரட்டி, அப்புறம் தேவையானதை அளந்தெடுங்கள். மேலாக அள்ளினால் சிமெண்டே இல்லாத கலவைதான் கையில் வரும். பெரிய குருணை பூச்சில் துருத்துகிறதே என்று சலித்து எடுத்துவிடவும் வேண்டாம். குருணை போனால் சுருக்கம் கூடும், விரிசல் கூடும். வாங்கும்போதே 3, 4 மி.மீ.க்குள் குருணை உள்ள ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். பூச்சின் கனம் பெரிய குருணையைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும்.

தண்ணீர் அளவுக்கு மூட்டையில் அச்சிட்டிருப்பதே சட்டம். சாதாரண அடர் ரகத்துக்குப் பெரும்பாலும் எடையில் 9 முதல் 12 சதவீதம் வரும். ஆறு கிலோவுக்கு அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கலக்கும்போது ‘இவ்வளவு வறட்டுத்தனமாக இருக்கிறதே’ என்று தோன்றும், கை தானாக மக் தண்ணீரைத் தேடும். அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் முக்கால் பங்கு தண்ணீரை ஊற்றி நான்கைந்து நிமிடம் விடாமல் பிசையுங்கள், மீதியைத் தெளித்துத் தெளித்துச் சேருங்கள். பதம் பார்க்க, ஒரு உருண்டை பிடித்து ஒரு அடி உயரம் தூக்கிப் போட்டுக் கையில் பிடியுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் பற்றாது. விரலிடுக்கில் வழிந்து தட்டையானால் கூடிப்போயிற்று. உருண்டை உருண்டையாகவே, லேசாக அமுங்கி, உள்ளங்கையில் மெல்லிய ஈரத்தை மட்டும் விட்டு நின்றால் அதுதான் பதம். தண்ணீர் குடிக்கும் தரத்தில் இருக்கட்டும். உப்புத் தண்ணீர், போர்வெல்லின் கடினத் தண்ணீர் இரண்டும் வேண்டாம். உப்பு சிமெண்ட் இறுகுவதைக் குழப்பும்.

நம் ஊர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கலவையின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் வேலை முடியுமுன் இறுகத் தொடங்கும். மூட்டையை முந்தின இரவே நிழலில் வையுங்கள், பானைத் தண்ணீரில் கலக்குங்கள், காலை ஆறு மணிக்கு வேலையை ஆரம்பியுங்கள். இதே வெயில் காலம் இன்னொரு விதத்தில் நமக்கு வரம். 20 டிகிரிக்குக் கீழே இறுகும் அலுமினேட் சிமெண்டில் ஜெல் மாதிரியான பொருள் உண்டாகி நுண்துளைகளை அடைக்கும், நீராவி வெளியேற முடியாமல் வெடிக்கும் ஆபத்து கூடும். வெதுவெதுப்பில் இறுகினால் ஈரம் வெளியேறத் தோதான அமைப்பு உருவாகும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மார்கழியில் லைனிங் போடுபவர் அறையைச் சூடாக்கிக்கொண்டு செய்ய வேண்டியிருக்கும். சமவெளியில் இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

பூசுவதற்கு முன் பிளாங்கெட்டை மறுபடி ஸ்பிரேயில் நனையுங்கள். காய்ந்த பிளாங்கெட் பஞ்சுபோல் காஸ்டபிளின் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஒட்டும் பக்கத்தில் சிமெண்டுக்குத் தண்ணீரே மிஞ்சாமல் அந்தப் படலம் மாவாகிவிடும். பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வருவதற்கு இது பெரிய காரணம்.

முழு வட்டத்தையும் ஒரே மூச்சில் பூச வேண்டாம். தரைப் பகுதியோடு மூன்றில் ஒரு பங்கை முதலில் பூசி, கையால் அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றி, ஈரச்சாக்கு போட்டு மூடுங்கள். மறுநாள் உலையை உருட்டி அடுத்த பங்கு. அதற்கு மறுநாள் கடைசிப் பங்கு. ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை நிறுத்தி வைத்துப் பூசுங்கள். முதல் சூட்டில் அது எரிந்துபோய் மயிரிழை இடைவெளி விடும், பூச்சு சூட்டில் விரிய அதுதான் இடம். ஒரே ஓடாக இருக்கட்டும், இணைப்பே இல்லாமல் இருப்பதுதான் பலம் என்று சிலர் வாதாடுவார்கள். என் கருத்து வேறு: எப்படியும் அது எங்கேயாவது பிளக்கப் போகிறது, அந்த இடத்தை நாமே தேர்ந்தெடுத்துவிடுவது மேல்.

கரணையால் மழமழவென்று தேய்ப்பது நம் மேஸ்திரிகளின் கைப்பழக்கம். இங்கே அதை அடக்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சிமெண்ட் பால் மேலே வந்து பரப்பை மூடிக்கொள்ளும், மெல்லிய வலைப்பின்னல் விரிசல் அதில்தான் விழும். மரக்கட்டையால் தட்டிச் சமன் செய்து சொரசொரப்பாகவே விடுங்கள். பர்னர் வாயில் கூர்மையான மூலை வைக்காதீர்கள். விரல் நுனி வளைவுக்கு உருட்டி விடுங்கள். கனம் திடீரென்று மாறும் இடமும் கூர்முனையும்தான் முதலில் பிளக்கும். ஆணி, கம்பிவலை எதையும் உள்ளே புதைக்காதீர்கள். இரும்பு காஸ்டபிளைவிட அதிகம் விரிந்து உள்ளிருந்தே அதைப் பிளக்கும்.

கடைசிப் பங்கு பூசி நான்கைந்து மணி நேரத்தில் மேற்பரப்பு நகத்துக்கு அசையாமல் இறுகியிருக்கும், தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருக்கும். சிமெண்ட் வேலை செய்வதன் அடையாளம் அந்தச் சூடு. அந்தச் சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஈரத்துணி, இரண்டு வாயிலும் பிளாஸ்டிக் தாள் கட்டி நிழலில் 24 மணி நேரம் வையுங்கள். ஃபேன், வெயில் இரண்டும் படக் கூடாது. பாஸ்பேட் பிணைப்பு கொண்ட, இடித்து நிரப்பும் ‘பிளாஸ்டிக் ரிஃப்ராக்டரி’ என்ற குழைவான கலவையை வாங்கியிருந்தால் இந்த ஈரக் கட்டம் கிடையாது. அது சூட்டில்தான் இறுகும். உங்களிடம் இருப்பது எது என்று மூட்டையைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டுக்கும் முறை நேர் எதிர்.

பிறகு தாளை அவிழ்த்து இரண்டு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். அடுத்து, உள்ளே ஒரு 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, வாயைச் செங்கல்லால் முக்கால்வாசி மூடி, ஒரு இரவும் பகலும். எல்இடி பல்பு உதவாது, சூடு வராது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் ஹீட் கன்னைத் தள்ளி வைத்துக் குறைந்த அளவில் ஓட்டலாம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

இப்போது சூடேற்றும் கட்டம். உள்ளே நுழைத்துச் சூட்டை அளக்கும் கே டைப் தெர்மோகப்பிள் ஒன்றும் அதற்கான மீட்டரும் அவசியம் வாங்குங்கள், பெரிய செலவு இல்லை. தூரத்திலிருந்து காட்டும் இன்ஃப்ராரெட் கருவி தீச்சுவாலை குறுக்கே இருந்தால் பொய் சொல்லும். முதல் இலக்கு 110 டிகிரி. மணிக்கு 20, 25 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டாம். அங்கே மூன்று மணி நேரமாவது நிறுத்துங்கள். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தொழிற்சாலைக் கணக்கு. இங்கே பின்னால் பிளாங்கெட்டும் தண்ணீரைக் குடித்திருக்கிறது, அதனால் தாராளமாகவே விடுங்கள். உலையின் பெரிய பர்னரை இந்தச் சூட்டுக்குப் பயன்படுத்த முடியாது. அழுத்தத்தை அவ்வளவு குறைத்தால் சுவாலை பின்வாங்கிக் குழாய்க்குள் எரியும் அல்லது அணைந்துபோகும். எல்பிஜி காற்றைவிடக் கனம், அணைந்த பர்னரிலிருந்து வரும் கேஸ் தரையில் தேங்கி நிற்கும். ஆகவே ஹீட் கன் அல்லது வாய்க்கு வெளியே வைத்த சின்ன கேஸ் அடுப்பு, அதுவும் ஆள் பார்வையில்.

ஈரம் தீர்ந்ததா என்று பார்க்க எல்லோரும் சொல்லும் வழி, வாய்ப்பக்கம் கண்ணாடியைக் காட்டுவது. சரியான வழிதான், ஆனால் சுவாலையை அணைத்துவிட்டுக் காட்ட வேண்டும். எல்பிஜி எரியும்போதே நீராவி உண்டாகும். எரியும் உலை முன் கண்ணாடியைக் காட்டினால் காய்ந்த உலையிலும் பனி படியும். அணைத்து இரண்டு நிமிடம் விட்டு, குளிர்ந்த எவர்சில்வர் தட்டை வாயருகே சாய்த்துப் பிடியுங்கள். மங்கல் படியவில்லை என்றால் மேலே போகலாம். கூட்டின் அடித்துளைகளிலும் இதையே செய்து பாருங்கள், அங்கே கடைசிவரை ஈரம் வரும்.

அடுத்து 300, 350 டிகிரி. இதுதான் மிக ஆபத்தான ஏற்றம்; கட்டுண்ட தண்ணீர் முக்கால்வாசி இந்த வழியில்தான் வெளியேறுகிறது. மணிக்கு 30 டிகிரி போதும், போய்ச் சேர்ந்ததும் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் சூட்டை அப்படியே பிடித்து வையுங்கள். இறக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். அரை மணி அமைதியாகப் போன பிறகு தொடருங்கள். பிறகு 550, அங்கே ஒரு மணி நேரம். இந்தக் கட்டத்தில் பெரிய பர்னரைக் குறைந்த அழுத்தத்தில் விட்டு விட்டுப் போடலாம். இருட்டில் பார்த்தால் சுவர் மங்கிய சிவப்பாகத் தெரியத் தொடங்கும். அதைத் தாண்டிவிட்டால் தண்ணீர்க் கவலை தீர்ந்தது. மணிக்கு 100 டிகிரி ஏற்றி, ஆரஞ்சு சூட்டில் ஒரு மணி நேரம் எரியுங்கள். 1000 டிகிரிக்கு மேல்தான் குருணையும் மாவும் ஒன்றோடொன்று சுட்டு ஒட்டும் செராமிக் பிணைப்பு உருவாகிறது. இடைப்பட்ட 600, 900 டிகிரியில் சிமெண்டின் பிடி தளர்ந்து, செராமிக் பிடி இன்னும் வராமல், பூச்சு தன் வாழ்நாளிலேயே பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் உள்ளே இரும்பை வைத்து இடிக்காதீர்கள். முடிந்ததும் இரண்டு வாயையும் செங்கல்லால் அடைத்துத் தானாக ஆற விடுங்கள்.

ஆறியதும் டார்ச் அடித்துப் பார்த்தால் மயிரிழை விரிசல் சில இருக்கத்தான் செய்யும். ஒரு மி.மீ.க்குக் குறைந்தவற்றைத் தொடாதீர்கள். சூடேறினால் பூச்சு விரிந்து அவை மூடிக்கொள்ளும். அதில் எதையாவது திணித்தால் விரிய இடமில்லாமல் ஆப்பு வைத்தது போலாகி, பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். மேலாக வலைபோல் விரிந்திருந்தால் தண்ணீர் கூடுதல் அல்லது கரணைத் தேய்ப்பு. அழகு போனதே தவிர ஆபத்து இல்லை. நீளவாக்கில் 2, 3 மி.மீ. பிளவு என்றால் விரிய இடம் விடவில்லை என்று பொருள். அதை மட்டும் சுரண்டி, நனைத்து, அதே காஸ்டபிளின் சலித்த மாவை வைத்து அடைத்து, மறுபடி மெதுவாகக் காய வையுங்கள். வட்டச் சில்லாகப் பெயர்ந்து பள்ளம் விழுந்திருந்தால் நீராவி வேலை. அந்த ஏற்றத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். நகத்தால் சுரண்டினாலே மாவாக வருகிறது என்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, பழைய மூட்டை அல்லது சிமெண்ட் இறுகுமுன் காய்ந்த பூச்சு. எடுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டியதுதான்.

கடைசியாக வெங்காரம். அது 743 டிகிரியில் உருகிக் கண்ணாடிபோல் ஓடும். சிலிக்கா எங்கே இருந்தாலும் கரைத்துக் குடிக்கும். பிளாங்கெட் முழுக்க சிலிக்காவும் அலுமினாவும் என்பதால் துளை விழுந்த இடத்தில் ஒரே நாளில் கூட்டைத் தொட்டுவிடும். ஆகவே தரை மேல், பூச்சோடு ஒட்டாமல், உயர் அலுமினாத் தகடு ஒன்றைத் தனியாகப் போட்டு வையுங்கள். செராமிக் சூளைகளில் அடுக்கு வைக்கும் பலகை கிடைத்தால் அதுவே போதும். அது தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், லைனிங் பிழைக்கும். சுவருக்கு சிர்கான் என்ற கனிமத்தின் மாவில் 3 முதல் 5 சதவீதம் பெண்டோனைட் களிமண் கலந்து, தண்ணீரில் கரைத்து, பிரஷ்ஷால் இரண்டு கோட் அடிக்கலாம். சிர்கான் நமக்குத் தூரத்துப் பொருள் இல்லை; கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள், வார்ப்புப் பட்டறைகளுக்கும் டைல்ஸ் தொழிலுக்கும் போகிறது. வெப்பத்தைத் திருப்பி அனுப்பி கேஸை மிச்சப்படுத்தும் என்று சொல்லி விற்கிறார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். வெங்காரத்தைத் தாமதப்படுத்துவதற்காக வாங்குங்கள், அதில் அது நன்றாகவே வேலை செய்யும். காய வைத்து முடித்து ஒருமுறை சுட்ட பிறகே இந்தப் பூச்சு. முன்பே அடித்தால் நுண்துளையை அடைத்து, உள்ளே இருக்கும் ஈரத்துக்குப் பூட்டுப் போட்டதாகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உலை ஒரு மாதம் சும்மா கிடந்தால், சுட்ட லைனிங்கும் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதற்கடுத்த முதல் பற்றவைப்பில் ஒரு மணி நேரமாவது 110 டிகிரியை ஒட்டி வைத்து, அப்புறம் படிப்படியாக ஏற்றுங்கள். மிச்சமிருக்கும் காஸ்டபிளை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் வைத்து, தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் சின்னச் சின்ன ஒட்டுவேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.